புது கார்ல கோளாறு, கேஸ் போட்டாச்சு, ஆனா வக்கீல் போனை எடுக்கலையா? நீங்க செய்ய வேண்டியது இதுதான்!



நம்ம ஊர்ல ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியா அதிகமா பணம் போடுறது கார்லதான். அந்தக் கார் வாங்கின ஆறாவது மாசத்துலேயே கியர்பாக்ஸ் தகராறு, இன்ஜின்ல சத்தம், ஏசி வேலை செய்யலைன்னு சர்வீஸ் சென்டருக்கும் வீட்டுக்கும் அலைய ஆரம்பிச்சா என்ன ஆகும்? முதல்ல பொறுமையா இருப்போம். அப்புறம் ஷோரூம்ல சத்தம் போடுவோம். கடைசியா ஒரு வக்கீலைப் பிடிச்சு நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுவோம்.

இதுவரைக்கும் நம்ம சேனல்ல பேசியிருக்கோம். இன்னைக்கு நாம பார்க்கப் போறது அதுக்கு அடுத்த கட்டம். வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்தாச்சு, பேப்பர் எல்லாம் கொடுத்தாச்சு. அதுக்கு அப்புறம் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறார். வாட்ஸ்அப்ல ரெண்டு டிக் நீலமா மாறுது, பதில் இல்லை. கேஸ் நடக்குதா, நடக்கலையான்னே தெரியலை. மாசாமாசம் இஎம்ஐ மட்டும் கரெக்டா போகுது. இந்த நிலைமையில என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

முதல்ல இந்த ஒரு விஷயத்தை மனசுல வைங்க

வக்கீல் எவ்வளவு நாள் வேணும்னாலும் சும்மா இருக்கலாம். ஆனா சட்டத்துல இருக்கிற கெடு தேதிகள் யாருக்காகவும் காத்திருக்காது. அந்தத் தேதி தவறினா நஷ்டம் வக்கீலுக்கு இல்லை, உங்களுக்குத்தான். அதனால "வக்கீல் ஏன் பதில் சொல்லலை?" என்கிற கேள்வியை ஓரமா வைங்க. "என் கேஸ்ல அடுத்த கெடு எது?" என்பதுதான் முதல் கேள்வி. இதுக்குப் பதில் தெரிஞ்சா, வக்கீலோட மௌனம் சாதாரணமானதா, ஆபத்தானதான்னு நீங்களே முடிவு பண்ணிடலாம்.

உங்க கேஸ் எந்தக் கட்டத்துல இருக்கு?

நுகர்வோர் வழக்குகள் இப்போ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நடக்குது. கட்டத்துக்குக் கட்டம் ஆபத்து மாறும்.

*கட்டம் 1: இன்னும் கேஸ் தாக்கல் ஆகலை*

இதுதான் இருக்கிறதிலேயே ஆபத்தான கட்டம். பிரச்சினை எழுந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள புகார் தாக்கல் ஆகணும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தா ஆணையம் மன்னிக்கலாம். ஆனா அது அவங்க விருப்பம், உங்க உரிமை இல்லை.

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. "வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாச்சு, கம்பெனியோட மெயில்ல பேசிட்டு இருக்கோம்"னு நிம்மதியா இருப்பாங்க. நோட்டீஸ் அனுப்புறதாலயோ, மெயில் போட்டுக்கிட்டே இருக்கிறதாலயோ அந்த 2 வருஷக் கணக்கு நிக்காது. ஆணையத்துல புகார் பதிவானாத்தான் கணக்கு. அதனால உங்க வக்கீல்கிட்ட கேட்க வேண்டிய முதல் விஷயம் கேஸ் நம்பர். "போட்டாச்சு சார், நம்பர் வரும்"னு மாசக்கணக்கா சொன்னா, கேஸ் இன்னும் போடலைன்னே வச்சுக்கோங்க. இல்லைன்னா ஏதோ குறை இருக்குன்னு பேப்பர் ரிட்டர்ன் ஆகி அவர் மேஜையில கிடக்குன்னு அர்த்தம்.

*கட்டம் 2: கேஸ் நம்பர் இருக்கு, விசாரணை நடக்குது*

புகாரை ஏத்துக்கிறதா வேண்டாமான்னு ஆணையம் சாதாரணமா 21 நாள்ல முடிவு பண்ணணும். ஏத்துக்கிட்டா டீலருக்கும் கம்பெனிக்கும் நோட்டீஸ் போகும். அவங்க 30 நாள்ல பதில் கொடுக்கணும். ஆணையம் அதிகபட்சமா இன்னும் 15 நாள் கொடுக்கலாம். அதுக்கு அப்புறம் நம்ம தரப்பு நிரூபண வாக்குமூலம், ஆவணங்கள், ரெண்டு தரப்பு வாதம், தீர்ப்பு. பரிசோதனை தேவைப்படாத கேஸை 3 மாசத்திலும், பரிசோதனை தேவைப்படுற கேஸை 5 மாசத்திலும் முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில கூடுதலா ஆகுறது உங்களுக்கே தெரியும்.

இந்தக் கட்டத்துல ஒரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் நடுவுல வக்கீல் போன் பண்ணாம இருந்தா பயப்பட வேண்டியதில்லை. சொல்றதுக்கு எதுவும் இருக்காது. ஆனா வாய்தா அன்னைக்கு அவர் ஆஜராகலைன்னா அது பெரிய விஷயம். ரெண்டு மூணு தடவை புகார்தாரர் தரப்புல யாரும் வரலைன்னா, ஆணையம் கேஸைத் தள்ளுபடி பண்ணிடலாம்.

"தள்ளுபடி ஆனா மனு போட்டு திரும்ப எடுத்துக்கலாமே"ன்னு நினைக்காதீங்க. சிவில் கோர்ட்ல அப்படி வழி இருக்கு. ஆனா தள்ளுபடி பண்ண கேஸைத் தாங்களே மறுபடி கோப்புக்கு எடுக்குற அதிகாரம் மாவட்ட, மாநில ஆணையங்களுக்கு இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பு சொல்லியிருக்கு. 2019 சட்டத்திலும் மாவட்ட ஆணையத்துக்கு, ஆணையில வெளிப்படையா தெரியுற பிழையைத் திருத்துற சீராய்வு அதிகாரம் மட்டும்தான். அதனால மாவட்ட ஆணையத்துல தள்ளுபடி ஆன கேஸுக்கு, ஆணை தேதியில இருந்து 45 நாளுக்குள்ள மாநில ஆணையத்துல மேல்முறையீடு செய்யணும்.

*கட்டம் 3: தீர்ப்பு வந்தாச்சு*

தோத்திருந்தா அதே 45 நாள் கெடு. ஜெயிச்சிருந்தா, எதிர்த்தரப்பு பணம் கொடுக்கலைன்னா நிறைவேற்று மனு போடணும். ரெண்டுக்குமே தீர்ப்பு நகல் உங்க கையில இருக்கணும். தீர்ப்பு வந்ததே தெரியாம இருக்கிறதுதான் இந்தக் கட்டத்தோட ஆபத்து.

வக்கீலைக் கேட்காமலே கேஸ் நிலவரம் தெரிஞ்சுக்கலாம்

நுகர்வோர் ஆணையங்களுக்காக மத்திய அரசு கொண்டு வந்த இ-ஜாக்ரிதி இணையதளம் 2025 ஜனவரி 1 முதல் இயங்குது. பழைய இ-தாக்கில் வசதியும் இதோட சேர்ந்தாச்சு. கேஸ் நம்பர் போட்டுத் தேடினா அடுத்த வாய்தா தேதி, முந்தைய வாய்தாவுல போட்ட உத்தரவு எல்லாம் பார்க்கலாம். நம்பர் தெரியலைன்னா உங்க பேரைப் போட்டும் தேடிப் பாருங்க.

அதுல சரியா தெரியலையா? நேரா ஆணைய அலுவலகத்துக்குப் போங்க. நீங்கதான் புகார்தாரர். உங்க கேஸ் பத்தி விசாரிக்க வக்கீல் கூட இருக்கணும்னு அவசியம் இல்லை. ஆதார், காரோட ஆர்சி நகல் கொண்டு போய்க் கேளுங்க.

முந்தைய உத்தரவுகளைப் படிக்கும்போது மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, உங்க வக்கீல் ஆஜர்னு இருக்கா? ரெண்டு, "புகார்தாரர் தரப்பு வாக்குமூலத்துக்காக" மாதிரி நம்ம தரப்பு வேலைக்காகவே திரும்பத் திரும்ப வாய்தா போகுதா? மூணு, "கடைசி வாய்ப்பு"ன்னு எழுதியிருக்கா? மூணாவது இருந்தா அன்னைக்கே நடவடிக்கை எடுக்கணும்.

கார் கேஸ்ல மட்டும் இன்னொரு ஆபத்து இருக்கு

வக்கீல் வாய்தாவுக்கு ஒழுங்கா வர்றார், ஆனா வேலை செய்யலைன்னா? கார் கேஸ்ல இது ரொம்ப முக்கியம்.

"ஒன்பது தடவை சர்வீஸ் சென்டர் போனேன்"னு சொன்னா மட்டும் தயாரிப்புக் குறை நிரூபணம் ஆகிடாது. "ஒவ்வொரு தடவையும் வாரண்டியில சரி பண்ணிக் கொடுத்தோம், இது சாதாரணத் தேய்மானம்"னு கம்பெனி சொல்லும். மாருதி தொடர்பான ஒரு வழக்குல 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனைப்படி குறையுள்ள பாகத்தை மாத்திக் கொடுக்கிறதுதான் கம்பெனியோட பொறுப்பு, முழு வண்டியையும் மாத்தித் தரச் சொல்ல முடியாதுன்னு சொன்னது. புது வண்டியோ முழுப் பணமோ வேணும்னா, குறை சரி பண்ண முடியாத, அடிப்படையான குறைன்னு காட்டியாகணும்.

அதுக்குத்தான் நிபுணர் அறிக்கை. வண்டியைத் தகுதியான ஒருத்தர் அல்லது ஆய்வகம் பரிசோதிக்கணும்னு ஆணையத்துகிட்ட மனு போடச் சட்டத்துல வழி இருக்கு. உங்க வக்கீல் அந்த மனுவைப் போட்டாரா? இந்த ஒரு கேள்விக்கு அவர்கிட்ட பதில் வாங்கியே ஆகணும்.

எல்லாக் கேஸுக்கும் நிபுணர் வேணுமான்னா, இல்லை. ஹூண்டாய் கார் ஒண்ணுல விபத்தின்போது ஏர்பேக் விரியாத வழக்கில், 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் வாடிக்கையாளர் பக்கம் நின்னு, வண்டியை மாத்திக் கொடுக்கணும்கிற உத்தரவை உறுதி பண்ணுச்சு. முன்பக்கம் மோதினா ஏர்பேக் விரியும்னு நம்பித்தான் ஒருத்தர் வாங்குறார், அவர் இயற்பியல் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்க முடியாதுங்கிறது அந்தத் தீர்ப்போட சாரம். ஆனா கியர்பாக்ஸ், இன்ஜின் மாதிரி கேஸ்ல நிபுணர் அறிக்கை இல்லாம போறது பெரிய ரிஸ்க்.

படிப்படியா என்ன செய்யணும்?

படி 1: குறிப்பா கேளுங்க. "சார், கேஸ் என்னாச்சு?"ன்னு அனுப்பினா பதில் வராது. வந்தாலும் "நடக்குது"ன்னுதான் வரும். பதில் சொல்றதுக்கு ஈஸியான, குறிப்பான கேள்வி கேளுங்க. மாதிரிக்கு:

"வணக்கம் சார். என் கார் வழக்கு சம்பந்தமா நாலு விஷயம் தெரியணும். 1. கேஸ் நம்பர் என்ன? 2. அடுத்த வாய்தா தேதி என்ன? 3. நிரூபண வாக்குமூலமும் ஆவணங்களும் தாக்கல் ஆகிவிட்டதா? 4. வண்டியை நிபுணர் பரிசோதிக்க மனு போட்டாச்சா? என் தரப்பில் ஏதாவது பேப்பரோ ஃபீஸோ பாக்கி இருந்தால் சொல்லுங்கள், உடனே தருகிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும்."

வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அதையே மெயிலும் பண்ணுங்க. மரியாதை குறையாம இருக்கட்டும். பின்னாடி இதுவே உங்களுக்கு ஆதாரம்.

படி 2: ஆபீஸுக்கு நேர்ல போங்க. நிறைய வக்கீலுங்க பகல்ல கோர்ட்ல இருப்பாங்க, போன் சைலன்ட்ல இருக்கும். சாயங்காலம் ஆபீஸ்ல இருப்பாங்க. அவர் இல்லைன்னாலும் ஜூனியரைப் பாருங்க, குமாஸ்தாவைப் பாருங்க. கேஸ் கட்டு எங்கே இருக்குன்னு சீனியரை விட குமாஸ்தாவுக்கு நல்லா தெரியும். பார்த்துட்டு வந்த உடனே "இன்னைக்கு ஆபீஸ் வந்தேன், ஜூனியர் சார் இப்படிச் சொன்னார்"னு ஒரு மெசேஜ் போட்டு வைங்க.

படி 3: நம்ம பக்கம் தப்பு இருக்கான்னு பாருங்க. பேசின ஃபீஸ்ல பாக்கி இருக்கா? அவர் கேட்ட ஜாப் கார்டு, இன்வாய்ஸ் நகல் கொடுத்தாச்சா? வாக்குமூலத்துல கையெழுத்துப் போட வரச் சொன்னப்போ போனீங்களா? ஒரு நாளைக்கு பத்து தடவை போன் பண்றீங்களா? இதெல்லாம் இருந்தா முதல்ல சரி பண்ணுங்க. பல கேஸ் இங்கேயே சரியாகிடும்.

படி 4: எழுத்துல கடிதம். ரெண்டு வாரம் ஆகியும் பதில் இல்லைன்னா ஸ்பீட் போஸ்ட்ல ஒரு கடிதம் அனுப்புங்க. எந்தெந்தத் தேதியில தொடர்பு கொண்டீங்க, என்ன விவரம் வேணும், 7 நாள்ல பதில் இல்லைன்னா வேற வக்கீல் வைக்க வேண்டி வரும், கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுங்கன்னு எழுதுங்க. மிரட்டல் வேண்டாம், விவரம் போதும்.

ஆனா ஒண்ணு. கெடு தேதி பக்கத்துல இருந்தா இந்த வரிசை எல்லாம் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. 2 வருஷம் முடிய 10 நாள்தான் இருக்குன்னா, நேரா புகாரைத் தாக்கல் பண்ற வேலையைப் பாருங்க.

வக்கீலை மாத்துறது எப்படி?

வக்கீலை மாத்துறது உங்க உரிமை. சாதாரண முறை இதுதான்: பழைய வக்கீல்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கி, புது வக்கீல் தன்னோட வக்காலத்தைத் தாக்கல் பண்ணுவார்.

பழையவர் கையெழுத்துப் போடலைன்னா? அதோட எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்லை. சம்மதம் கிடைக்கலைன்னா, காரணத்தைச் சொல்லி ஆணையத்துகிட்ட அனுமதி வாங்கி புது வக்கீல் ஆஜராகலாம்னு பார் கவுன்சில் விதியே சொல்லுது. இங்கதான் நீங்க அனுப்பின மெசேஜ், கடிதம் எல்லாம் உதவும்.

"ஃபீஸ் பாக்கி இருக்கு, கட்டைத் தர மாட்டேன்"னு சொன்னா? அது செல்லாது. ஃபீஸ் பாக்கிக்காக வக்கீல் கேஸ் கட்டைப் பிடிச்சு வைக்க உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2000-ல் தெளிவாச் சொல்லியிருக்கு. பாக்கி ஃபீஸை வசூலிக்க அவருக்குத் தனி வழி இருக்கு. ஆனாலும் நியாயமா அவர் செஞ்ச வேலைக்கான ஃபீஸைக் கொடுத்துட்டு, ரசீது வாங்கிட்டு, சுமுகமா பிரியுறதுதான் நல்லது.

இப்போ நம்ம பர்சனல் ஃபைனான்ஸ் மூளையைக் கொஞ்சம் பயன்படுத்துவோம். உதாரணத்துக்கு, 12 லட்சம் ரூபாய் கார். பழைய வக்கீலுக்கு 15,000 ரூபாய் கொடுத்தாச்சு. புதியவர் 20,000 கேட்கிறார். "ஏற்கனவே கொடுத்த 15,000 வீணாப் போயிடுமே"ன்னு பல பேர் அவரோடவே காத்துக்கிட்டு இருப்பாங்க. நஷ்டத்துல இருக்கிற ஷேரை "வாங்கின விலைக்கு வரட்டும்"னு பிடிச்சு வச்சிருக்கிற அதே மனநிலை இது. போன 15,000 போனதுதான். இப்போ கேள்வி, இன்னும் 20,000 போட்டு 12 லட்சம் ரூபாய் கேஸைக் காப்பாத்தணுமா, வேண்டாமா என்பது மட்டும்தான்.

புது வக்கீல்கிட்ட ஃபீஸை மொத்தமா கொடுக்காம, தாக்கல், வாக்குமூலம், வாதம், தீர்ப்புன்னு கட்டம் கட்டமா பேசிக்கோங்க. "ஜெயிச்சா இத்தனை சதவீதம்"னு பேசுறதை பார் கவுன்சில் விதி அனுமதிக்கலை, அந்தப் பேச்சே வேண்டாம். ஒரிஜினல் ஆவணங்களை நீங்களே வச்சுக்கிட்டு நகல் மட்டும் கொடுங்க. ஒரிஜினல் தேவைப்படுற அன்னைக்குக் கொண்டு போனா போதும்.

வக்கீல் இல்லாமலே நடத்த முடியுமா?

முடியும். நுகர்வோர் ஆணையத்துல வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்களே இ-ஜாக்ரிதியில புகார் போடலாம், நீங்களே வாதாடலாம். நீங்க வசிக்கிற அல்லது வேலை செய்யுற இடத்துல இருக்கிற மாவட்ட ஆணையத்துலேயே போடலாம். கம்பெனி தலைமை அலுவலகம் எங்க இருந்தாலும் கவலை இல்லை. காணொலி மூலமா ஆஜராக அனுமதி கேட்கவும் சட்டத்துல இடம் இருக்கு.

நீங்க கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் இருந்தா மாவட்ட ஆணையம். கட்டணம் எவ்வளவு தெரியுமா? 5 லட்சம் வரை இலவசம். 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். நம்ம 12 லட்சம் கார் உதாரணத்துக்கு வெறும் 400 ரூபாய்தான்.

என் கருத்து: கெடு முடியப் போகுதுன்னா நீங்களே தாக்கல் பண்ணிடுங்க. விசாரணையில நிபுணரைக் குறுக்கு விசாரணை பண்றது, வாரண்டி நிபந்தனையை வாதாடுறது எல்லாம் வர்றப்போ ஒரு நல்ல வக்கீல் கூட இருக்கிறது நல்லது. வசதி இல்லாதவங்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், போன் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

வக்கீல் மேலேயே நுகர்வோர் கேஸ் போடலாமா?

அது முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வராதுன்னு உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று தீர்ப்பு கொடுத்திருக்கு. அந்தக் கதவு மூடியாச்சு.

மீதி ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35-ன்படி மாநில பார் கவுன்சில்ல புகார். நமக்கு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துல இருக்கிற தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். கண்டிப்பு, தற்காலிகத் தடை, பெயர் நீக்கம் வரைக்கும் அவங்க நடவடிக்கை எடுக்கலாம். ஒரு வருஷத்துல முடிக்கலைன்னா புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிடும். ரெண்டாவது, அலட்சியத்தால நஷ்டம் ஆச்சுன்னு சிவில் கோர்ட்ல நஷ்ட ஈடு வழக்கு.

ஆனா வரிசையை மாத்தாதீங்க. முதல்ல கார் கேஸைக் காப்பாத்துங்க, அப்புறம் புகார். பார் கவுன்சில் புகாரால உங்க கார் கேஸ்ல ஒரு வாய்தா கூட தள்ளிப் போகாது. அதோட, போன்ல பதில் சொல்லாத எல்லாருமே தொழில் ஒழுங்கீனம் பண்றவங்க இல்லை. ஃபீஸ் வாங்கிட்டு கேஸே போடாதது, வாய்தாவுக்கு வராம தள்ளுபடி ஆக விட்டது, கட்டைத் தர மறுக்கிறது, இதெல்லாம் புகாருக்குரிய விஷயம்.

கேஸ் நடக்கும்போது பண விஷயத்துல செய்யக் கூடாத தப்புகள்

இஎம்ஐயை நிறுத்தாதீங்க. "வண்டி ஷெட்ல நிக்குது, நான் ஏன் கட்டணும்?" கோபம் நியாயம்தான். ஆனா வங்கிக்கும் உங்களுக்கும் இருக்கிற ஒப்பந்தம் தனி. 9 லட்சம் லோன், 9.5 சதவீத வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 18,900 ரூபாய். நிறுத்தினா அபராதம், சிபில் ஸ்கோர் பாதிப்பு, கடைசியில வண்டி பறிமுதல். வண்டியே கையில இல்லைன்னா நிபுணர் எதைப் பரிசோதிப்பார்? கட்டின வட்டியைக் கணக்குப் போட்டு நஷ்ட ஈட்டுல கேளுங்க.

இதே கணக்கை இன்னொரு விதமாவும் பாருங்க. வக்கீல் 8 மாசம் சும்மா இருந்தா, ஓடாத காருக்கு நீங்க கட்டுறது 1.5 லட்சத்துக்கு மேல. "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்"கிறதோட விலை இதுதான்.

இன்ஷூரன்ஸை விடாதீங்க. ரோட்டுல போற வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். டெஸ்ட் டிரைவுக்கு எடுத்தாலும் அது வேணும்.

வண்டியை வித்துடாதீங்க. வழக்கு நடக்கும்போது அனுமதி இல்லாம வண்டியை வித்தவங்களோட புகார் நிக்காதுன்னு தேசிய ஆணையம் சொன்ன தீர்ப்புகள் இருக்கு. விக்கிற நிலைமை வந்தா முதல்ல ஆணையத்துகிட்ட அனுமதி கேளுங்க.

"திருப்தி"ன்னு கையெழுத்துப் போடாதீங்க. சர்வீஸ் சென்டர்ல வண்டி எடுக்கும்போது நீட்டுற படிவத்துல, குறை இன்னும் இருந்தா "இந்தக் குறை சரியாகவில்லை"ன்னு உங்க கையால எழுதி கையெழுத்துப் போடுங்க, போட்டோ எடுத்துக்கோங்க. டோயிங், கால் டாக்ஸி பில்லும் சேர்த்து வைங்க.

அடிக்கடி வர்ற கேள்விகள்

*கேஸ் ஏற்கனவே தள்ளுபடி ஆயிடுச்சு, 45 நாளும் முடிஞ்சு போச்சு. வழியே இல்லையா?*

ரெண்டு வழி யோசிக்கலாம். தாமதத்துக்கான காரணத்தை ஆதாரத்தோட சொல்லி மேல்முறையீடு செய்யலாம். இல்லைன்னா, தகுதி பார்க்காம, ஆஜராகாததால மட்டும் தள்ளுபடி ஆன கேஸ்ல புதுசா புகார் போடலாம்னு 2000-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணு இருக்கு. ஆனா அந்த 2 வருஷக் கணக்கு அதுக்கும் பொருந்தும். உடனே ஒரு வக்கீலைப் பாருங்க.

*வக்கீல் தப்புக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்கணும்னு கேட்க முடியாதா?*

கேட்கலாம். வக்கீல் வராததுக்காகக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாதுன்னு 1981-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா பின்னாடி வந்த தீர்ப்புகள்ல, கட்சிக்காரரும் தன் கேஸைக் கவனிச்சிருக்கணும், எல்லாப் பழியையும் வக்கீல் மேல போட்டுட்டுத் தப்பிக்க முடியாதுன்னும் சொல்லியிருக்காங்க. நீங்க கவனிச்சதுக்கு ஆதாரம் வேணும். அந்த நாலு கேள்வி மெசேஜ் இங்கேயும் கை கொடுக்கும்.

*கேஸ் போடுறதுக்கு முன்னாடி வேற ஏதாவது முயற்சி பண்ணலாமா?*

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு பண்ணுங்க. சில கம்பெனிகள் அங்கேயே பேசி முடிச்சுடுவாங்க. ஆனா அதுவும் 2 வருஷக் கணக்கை நிறுத்தாது, ஞாபகம் வைங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது

ஒரு நோட்டு எடுங்க. முதல் பக்கத்துல கார் வாங்கின தேதி, முதல் குறை தெரிஞ்ச தேதி, 2 வருஷம் முடியுற தேதி, கேஸ் நம்பர், அடுத்த வாய்தா தேதி, இந்த அஞ்சையும் எழுதுங்க. எதையாவது எழுத முடியலைன்னா, நாளைக்கு உங்க முதல் வேலை அதைக் கண்டுபிடிக்கிறதுதான். அதுக்கு அப்புறம் ஒவ்வொரு வாய்தா அன்னைக்கும் சாயங்காலம் இ-ஜாக்ரிதியில ஒரு தடவை பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

உங்க கேஸ் தன்மையைப் பொறுத்து விவரங்கள் மாறலாம், அதனால முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வழக்கறிஞர்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க. புதுக் கார் வாங்கி சர்வீஸ் சென்டருக்கு அலைஞ்சுக்கிட்டு இருக்கிற உங்க நண்பருக்கு இதை ஷேர் பண்ணுங்க. அந்த 2 வருஷக் கணக்கு அவருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி.